மூன்று மில்லிமீட்டர் இரும்பின் மேல் ஒரு வாழ்க்கை

ஸ்வீடன் தபால் துறை வெளியிட்ட ஓர் அஞ்சல்தலையில் ஐஸ் ஹாக்கி வீரர் ஒருவர் ஒற்றைக் கையால் மட்டையை நீட்டிக்கொண்டிருப்பார். எதிரே நீலச் சட்டை அணிந்த கோல்கீப்பர் ஏமாந்து நிற்பார். உண்மையில் அந்தச் சட்டை நீலம் அல்ல. கோல் வாங்கியவர் கனடாவின் கோரி ஹிர்ஷ். தம்முடைய தோல்வி கடிதங்களின் மேல் ஒட்டப்பட்டு ஊர் ஊராகப் போவதை அவர் விரும்பவில்லை. அதனால் நிறத்தை மாற்றி வரைந்துவிட்டார்கள். மனிதர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் கதி அதுதான். ஏன் என்று பார்ப்போம்.

மட்டையை நீட்டியவர் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க். 1973இல் வடக்கு ஸ்வீடனின் கடலோரச் சிற்றூரான ஓர்ன்ஷோல்ட்ஸ்விக்கில் பிறந்த முன்கள வீரர். 1994 பிப்ரவரி 27, லில்லிஹாமர் ஒலிம்பிக் இறுதியாட்டம். கனடாவும் ஸ்வீடனும் 2-2 என்று முடித்து, ஒரு வீரர் தனியாக வந்து கோல்கீப்பரை எதிர்கொள்ளும் பெனால்டி ஷூட் அவுட்டில் ஆளுக்கு ஐந்து வாய்ப்புகளுக்குப் பிறகும் சமநிலையிலேயே நின்றன. ஏழாவது சுற்றில் இருபது வயது ஃபோர்ஸ்பெர்க் வந்தார்.

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. இரண்டரை சென்டிமீட்டர் தடிமனும் ஏழரை சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட ரப்பர் வட்டுதான் உண்டு. எடை சுமார் 160 கிராம். கோல் வாயின் அகலம் 1.83 மீட்டர். கவசங்களோடு கோல்கீப்பர் நடுவில் நின்றுவிட்டால் இரு பக்கமும் கொஞ்சம்தான் மிஞ்சும். பத்து மீட்டர் தொலைவிலிருந்து நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வரும் வட்டு கால் நொடியில் வந்து சேர்ந்துவிடும். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, தசை அசையத் தொடங்கவே ஏறக்குறைய அதே நேரம் ஆகும். ஆகவே வேகமாக அடிப்பது ஒரு வழி. ஃபோர்ஸ்பெர்க் அந்த வழியில் போகவில்லை.

வட்டை மட்டையில் வைத்தபடி கோல்கீப்பரின் மிக அருகே வந்தார். தம் இடப்பக்கம், அதாவது இயல்பாக அடிக்கும் பக்கம், போவதாகக் காட்டினார். ஹிர்ஷ் கூடவே நகர்ந்தார். இங்கேதான் பனி தன் வேலையைக் காட்டுகிறது. கோல்கீப்பர் முழங்காலை மடக்கிச் சறுக்கத் தொடங்கியதும் ஸ்கேட்டின் விளிம்பு பனியை விட்டு விலகிவிடுகிறது. விளிம்பு பனியில் கடித்தால்தான் நிற்கவும் முடியும், திரும்பவும் முடியும். மட்டைக்காரரின் ஏமாற்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டாலும் பயனில்லை. உடம்பு போன பக்கமே போய்க்கொண்டிருக்கும்.

அடுத்த கணம் ஃபோர்ஸ்பெர்க் கீழ்க்கையை, அதாவது மட்டையின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்திருந்த கையை, எடுத்துவிட்டார். இரண்டு கைகளும் பிடித்திருக்கும்போது கீழ்க்கை ஒரு கடிவாளம் போல. மட்டை உடம்புக்குக் குறுக்கே ஓரளவுக்கு மேல் போகாது. அதை விட்டதும் மட்டையின் நீளத்தோடு அதன் மேல்நுனியைப் பிடித்த கையின் முழு நீளமும் சேர்ந்துகொள்கிறது. உடம்பு இடப்பக்கம் சரிந்து போகும்போதே வட்டு வலப்பக்கம் ஆளில்லாத இடத்தில் கிடந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. அந்த வட்டை அவர் கோலை நோக்கி அடிக்கவே தேவையில்லை. அவர் நொடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் வந்தார் என்று வைத்துக்கொண்டால், மட்டையோடு வந்த வட்டுக்கும் அதே வேகம் ஏற்கெனவே இருக்கிறது. ஓடும் ரயிலில் மேலே எறிந்த நாணயம் கைக்கே திரும்புவதற்கு என்ன காரணமோ அதுவேதான் இதற்கும். வட்டுக்குத் தேவைப்பட்டது பக்கவாட்டில் ஒரு சின்னத் தள்ளல் மட்டும். மாவு தூவிய கேரம் பலகையில் காய் நழுவுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிட வழுக்கலான தளத்தில் வட்டு சாவகாசமாக வலைக்குள் போனது. அடுத்து வந்த பால் கரியாவின் அடியை ஸ்வீடன் கோல்கீப்பர் டாமி சாலோ தடுத்தார். தங்கம் ஸ்வீடனுக்கு. அந்த வித்தை ஃபோர்ஸ்பெர்க்கின் சொந்தச் சரக்கும் அல்ல. 1989 உலகச் சாம்பியன்ஷிப்பில் கென்ட் நில்சன் செய்ததைப் பார்த்து மனத்தில் வைத்திருந்தார்.

பனி ஏன் இவ்வளவு வழுக்குகிறது? ஸ்கேட்டின் அழுத்தம் பனியை உருக்குகிறது என்று நாம் பள்ளியில் படித்த விளக்கம் கணக்குப் போட்டால் நிற்பதில்லை. ஒரு மனிதனின் எடையால் பனியின் உருகுநிலை ஒரு டிகிரியில் ஒரு பின்ன அளவுதான் குறையும். ஆட்டக்களத்துப் பனியோ மைனஸ் 5 டிகிரி அளவிலோ இன்னும் குளிராகவோ இருக்கிறது. பனியின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகளுக்கு மேலே பிடித்துக்கொள்ள ஆள் இல்லை; அதனால் உறைநிலைக்குக் கீழேயும் அவை இறுக்கமில்லாமல் அலைகின்றன. உரசலின் சூடும் சேரும்போது மெல்லிய ஈரப்படலம் உண்டாகிறது.

வழுக்கினால் மட்டும் போதாது, பிடிமானமும் வேண்டும். ஸ்கேட்டின் இரும்புத் தகடு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிமன். அதன் அடிப்பகுதியை நீளவாக்கில் குழிவாகச் சாணை பிடிப்பார்கள். அதனால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு கூரிய விளிம்புகள் கிடைக்கின்றன. நீளவாக்கில் வழுக்கும் அதே தகடு, சாய்த்தால் குறுக்கே கடிக்கும். எந்த விளிம்பில், எவ்வளவு சாய்வில் நிற்பது என்பதைத் தீர்மானிப்பது கணுக்கால்.

ஃபோர்ஸ்பெர்க்கின் ஆட்டம் முழுக்க இந்தப் பிடிமானத்தில் நின்றது. 183 சென்டிமீட்டர் உயரம், ஐஸ் ஹாக்கிக்குப் பெரிய உருவம் இல்லை. இடிக்க வருபவரைப் பார்த்து ஒதுங்காமல், முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, முந்திக்கொண்டு தாமே இடிப்பார். எடை மையம் கீழே இருப்பவரும் விளிம்பைப் பனியில் ஊன்றியவரும் நிற்பார். ஓடி வந்தவர் உருள்வார். 1991இல் வட அமெரிக்காவின் என்ஹெச்எல் லீக்குக்கான புது வீரர் தேர்வில் பிலடெல்பியா அணி ஆறாவதாகத் தேர்ந்தெடுத்த இவர், மறு ஆண்டே எரிக் லிண்ட்ரோஸ் என்ற ஒருவருக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட கூட்டத்தில் ஒருவராக கியூபெக் அணிக்குப் போனார். அந்த அணி 1995இல் டென்வருக்குக் குடிபெயர்ந்து கொலராடோ அவலாஞ்ச் ஆனது. 1996இல் அந்த லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றது. கொடுத்தவர்களின் மனநிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இடித்தவருக்கும் அதே அளவு விசை திரும்பி வரும் என்பது நியூட்டன் விதி. 2001 மே மாதம் ஓர் ஆட்டம் வென்ற இரவு உணவகத்தில் ஃபோர்ஸ்பெர்க்குக்கு வயிற்றில் வலி. மண்ணீரல் கிழிந்திருந்தது, அன்றிரவே அகற்றினார்கள். அணி அவர் இல்லாமலே கோப்பையை வென்றது. அடுத்த பருவத்தின் வழக்கமான ஆட்டங்கள் எதிலும் அவர் இல்லை. நேராக 2002 நாக் அவுட் கட்டத்தில் வந்து, 20 ஆட்டங்களில் 27 புள்ளிகளோடு (கோல் போட்டாலும், கோலுக்கு வட்டைக் கொடுத்து உதவினாலும் ஒரு புள்ளி) அந்தக் கட்டத்தின் முதலிடத்தைப் பிடித்தார். மறு பருவத்தில் 75 ஆட்டங்களில் 106 புள்ளிகள், கூடவே லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் விருது.

மண்ணீரல் இல்லாமல் ஆடலாம். கால் ஸ்கேட்டுக்குள் நிமிர்ந்து நிற்காவிட்டால் ஆட முடியாது. கணுக்கால் மூட்டு தகட்டின் விளிம்பிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. அங்கே ஐந்து டிகிரி சாய்ந்தாலே உடலின் எடை விழும் கோடு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலகும். கீழே தாங்குவதோ 3 மில்லிமீட்டர் தகடு. தேவையில்லாத நேரத்தில் ஒரு விளிம்பு கடித்துக்கொண்டே இருக்கும். காலை உதைத்து வேகம் எடுக்கும்போது விசை வேறு திசையில் சிதறும். ஃபோர்ஸ்பெர்க்கின் வலது காலில் நடந்தது இந்த வகைக் கோளாறுதான். அறுவை சிகிச்சைகள், புதுப் புது ஸ்கேட்டுகள், உள்ளே ஆப்புகள், பட்டைகள் என்று ஆண்டுகள் ஓடின. அதற்கிடையில் 2006 டுரின் ஒலிம்பிக்கில் இரண்டாவது தங்கமும் வாங்கினார். நடப்பதற்கு அந்தக் கால் போதுமானதாக இருந்தது. பனிக்குத்தான் போதவில்லை.

2011 பிப்ரவரியில், 37 வயதில், கொலராடோவுக்காக மறுபடி இறங்கினார். இரண்டு ஆட்டங்கள், ஒரு புள்ளிகூட இல்லை. அந்த லீக்கின் வழக்கமான ஆட்டங்களில், 708 ஆட்டங்களில் 885 புள்ளிகளோடு கணக்கு அங்கேயே நின்றது. 14ஆம் தேதி ஓய்வை அறிவித்தார். கை அப்போதும் பழைய கைதான்.