கரோல் ஸ்மித்துக்கு வந்த பரிந்துரை

2019-இல் பேஸ்புக் ஆய்வாளர் ஒருவர் சோதனைக்காக ஒரு போலிக் கணக்கு தொடங்கினார். பெயர் கரோல் ஸ்மித். அமெரிக்காவின் வட கரோலினாவில் வாழும் தாய், பழமைவாத அரசியலில் ஈடுபாடு உள்ளவர். சதிக்கதைகள் பக்கம் அந்தக் கணக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டே நாளில், அமெரிக்காவை ஒரு ரகசியத் தீய கும்பல் ஆட்டிவைக்கிறது என்று சொல்லும் 'கியூஅனான்' சதிக்கதைக் குழுக்களில் சேரச் சொல்லிப் பரிந்துரை வந்துவிட்டது.

யாருக்கு எதைக் காட்டுவது என்று முடிவெடுக்கும் அல்காரிதத்துக்குக் கொள்கை எதுவும் கிடையாது. எதைக் காட்டினால் இவர் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார் என்பதுதான் அதன் கணக்கு. இவரைப் போன்ற ரசனை உள்ளவர்கள் எங்கே போனார்களோ, அங்கே இவரையும் அனுப்பப் பார்க்கும். நாமும் சும்மா இல்லை. துப்பாக்கிக் கட்டுப்பாடு, பருவநிலை மாற்றம் போன்றவை பற்றிய ட்விட்டர் பதிவுகளை நியூயார்க் பல்கலைக்கழகத்தினர் அலசி 2017-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நியாய அநியாயமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒவ்வொன்று கூடும்போதும் பகிர்வு சுமார் 20 சதவீதம் கூடியது. அதுவும் பெரும்பாலும் சொந்த அணிக்குள்ளேயே.

பதின்வயதில் இந்தக் கூட்டத்தின் இழுப்பு இன்னும் ஆழமாக வேலை செய்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் 13 முதல் 18 வயது வரையிலான 32 பேரை மூளை ஸ்கேனில் படுக்கவைத்துப் புகைப்படங்களைக் காட்டினார்கள். நிறைய லைக் வாங்கியதாகக் காட்டப்பட்ட படங்களுக்கே அவர்களும் அதிகம் லைக் போட்டார்கள். புகைப்பது, குடிப்பது போன்ற படங்களைப் பார்க்கும்போது மூளையில் தன்னடக்கத்தோடு தொடர்புடைய பகுதிகளின் இயக்கம் குறைந்தது.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச் 15 அன்று 51 பேரைக் கொன்றவன், தனக்கு அதிகம் உந்துதல் தந்தது யூடியூப்தான் என்று விசாரணை ஆணையத்திடம் சொன்னான். அப்படியானால் எல்லாம் பரிந்துரையின் குற்றமா? அவ்வளவு நேராக இல்லை. 2023-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், யூடியூபின் தீவிரவாதச் சேனல்களைப் பார்த்தவர்கள் ஒரு சிறு கூட்டம்தான். அவர்களில் பெரும்பாலோர் இன வெறுப்போ பெண் வெறுப்போ ஏற்கெனவே ஊறியவர்கள், அந்தச் சேனல்களுக்கே சந்தா போட்டு வைத்திருந்தவர்கள்.

என் கணிப்பில் இயந்திரம் கல்யாணத் தரகர் மாதிரி, அறிமுகத்தோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. மீதியை மனிதர்கள் செய்கிறார்கள், டெலிகிராம், டிஸ்கார்ட் போன்ற அரட்டைச் செயலிகளின் மூடிய அறைகளில். முதலில் மீம், கிண்டல், அப்புறம் நட்பு. கொள்கை கடைசியில்தான் வருகிறது. அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்த பையனுக்குப் பேச வேறு ஆள் இருக்காது.

அறிமுகத்துக்கு முன்பே குறுக்கிட முடியுமா என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழுவினர் முயன்றார்கள். உணர்ச்சியைத் தூண்டிவிடுவது, இரண்டே வழிதான் உண்டு என்று பொய்யாகக் காட்டுவது போன்ற தந்திரங்களை விளக்கும் சுமார் ஒன்றரை நிமிட வீடியோக்களை யூடியூபில் விளம்பரமாக ஓட்டினார்கள். பார்த்தவர்கள் தந்திரத்தை அடையாளம் காண்பது சராசரியாக 5 சதவீதம் கூடியது. பெரிய எண் இல்லைதான். ஆனால் விளம்பரமாக ஓடுவதால், கோடிக்கணக்கானவர்களிடம் போய்ச் சேரக்கூடியது.