சைபோர்க்: ஆயா சைபரா, பொறியுடலரா?

சிங்கப்பூரிலிருந்து போனில் பேசிய பேரன், "ஆயா, நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சாச்சுல்ல, இனிமே நீங்க ஒரு சைபோர்க்" என்றான். ஆயாவுக்குப் பாதிதான் கேட்டது. இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் அந்தக் கருவி இடது பக்கம், தோள்பட்டைக்குக் கீழே தீப்பெட்டி கணக்காய்ப் புடைத்துக்கொண்டு இருக்கிறது, அதனால் போனை வலது காதில் வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அந்தக் காதோ மந்தம். "யாரைடா சைபர்ங்கிறே?" என்று ஆயா போட்ட சத்தம் வளவு முழுக்கக் கேட்டது. வட்டிக்கணக்கு எழுதின வீட்டில் சைபர் என்றால் ஒன்றுமில்லாதவன்தானே!

ஆயா சொன்ன சைபர், வெறுமை என்று பொருள்படும் அரபிச் சொல் வழியாக வந்த பூஜ்யம். சைபோர்க் என்றால் உடம்பும் இயந்திரமும் சேர்ந்தே இயங்கும் உயிர்; அதில் இருக்கும் 'சைப்' வேறு, அது கிரேக்கம். கப்பலில் சுக்கான் பிடிப்பவருக்கு அங்கே 'குபெர்னேட்டெஸ்' என்று பெயர், நம் பழைய தமிழில் மீகாமன். இதே சொல்தான் லத்தீன் பக்கம் போய்க் கவர்னர் ஆனது. 1948இல் நார்பர்ட் வீனர் என்ற கணித அறிஞர் இந்த வேரிலிருந்து 'சைபர்னெடிக்ஸ்' என்று ஒரு துறைக்குப் பெயர் வைத்தார். உயிரானாலும் இயந்திரமானாலும், செய்ததன் விளைவைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டே ஓடுவது எப்படி என்பதுதான் அந்தத் துறை. நம் செட்டிநாட்டுப் பக்கத்து ஆட்களுக்கு இது ரொம்பச் சுலபம்: ரங்கூனில் வட்டிக்கடையைப் பார்த்துக்கொள்ளும் மேலாள், ஊரில் முதலாளி, அங்கிருந்து கணக்கு வரும், அதைப் பார்த்து இங்கிருந்து கடுதாசி போகும்.

சரி, சைபோர்க். 1960இல் மான்ஃபிரட் கிளைன்ஸ், நேதன் கிளைன் என்ற இருவர் விண்வெளிப் பயணம் பற்றிய கட்டுரையில் சைபர்னெடிக், ஆர்கனிசம் இரண்டின் தலையையும் வெட்டி ஒட்டிச் செய்த சொல் இது. மனிதன் போகிற இடத்துக்கெல்லாம் பூமியின் காற்றைக் கட்டித் தூக்கிக்கொண்டு போவானேன், உடம்பையே அந்த இடத்துக்கு ஏற்றபடி மாற்றிவிடலாமே என்பது அவர்கள் யோசனை. அதற்கு அவர்கள் காட்டிய உதாரணம் ஒரு எலி. 220 கிராம் எடை, தோலுக்கடியில் மருந்தை மெதுவாகச் செலுத்திக்கொண்டே இருக்கும் சின்னப் பம்பு. ஆனால் சொல்லுக்கு முன்னாலேயே ஆள் வந்துவிட்டார். 1958இல் ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உடம்புக்குள்ளேயே பேஸ்மேக்கர் வைத்தார்கள். முதல் கருவி சில மணி நேரம்தான் ஓடியது, அப்புறம் ஒன்று மாற்றி ஒன்றாக மொத்தம் 26 கருவிகளோடு 2001 வரை வாழ்ந்தார் மனிதர்.

தமிழில் என்ன சொல்வது? இயந்திர மனிதன் என்றால் ரோபோதான் நினைவுக்கு வரும். 'மேம்பட்ட மனிதன்' வேண்டவே வேண்டாம், உடம்பில் கருவி வைத்தால் மனிதன் மேம்பட்டானா இல்லையா என்பதுதானே சண்டையே. எனக்குப் பிடித்தது 'பொறி'. ஐம்பொறி என்றால் மெய், வாய், கண், மூக்கு, செவி. பொறியியல் என்றால் இயந்திரம். உறுப்பையும் இயந்திரத்தையும் தமிழ் எப்போதோ ஒரே சொல்லில் போட்டுவைத்துவிட்டது. அதனால் பொறியுடல்.

எலிப்பொறியும் பொறிதான், அதையும் மறக்க வேண்டாம். ஆர்கஸ் 2 என்று ஒரு செயற்கை விழித்திரை, 2013இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். 2019இல் செகண்ட் சைட் கம்பெனி அதைத் தயாரிப்பதை நிறுத்திக்கொண்டது. கருவி கண்ணுக்குள்ளே இருக்கிறது, பழுதானால் பார்க்க ஆள் இல்லாமல் போனது. கண் அவர்களுடையது, சுக்கான் யார் கையில் இருந்தது?

இதெல்லாம் வைத்தியம், இல்லாததைக் கொடுப்பது. நம் மாநிலக் காப்பீட்டில் காது கேளாத சின்னக் குழந்தைகளுக்கு காக்ளியர் கருவி வைப்பதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நல்லா இருக்கிற மண்டைக்கு மேலே ஒரு சில்லு, ஞாபகத்துக்கு ஒன்று, தூங்காமல் படிக்க ஒன்று என்று ஆரம்பிக்கும்போதுதான் வம்பு. நம் ஊர்க் கல்யாணத்தில் சீர் சாமான் பரப்புகிறதைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சில்லு வெள்ளிச் சாமானுக்குப் பக்கத்தில் வந்து உட்கார ரொம்ப நாள் ஆகாது. பக்கத்து வீட்டுப் பையன் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் போனால், "எனக்கு வேண்டாம்" என்று நம் பிள்ளை சொல்வது விருப்பமாக இருக்காது, தோற்பதாக இருக்கும். வாங்க முடியாதவன் பிள்ளையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இலக்கணத்திலும் ஒரு சிக்கல். பொறியுடல் அஃறிணை, 'வந்தது' என்றுதான் முடியும். மனிதருக்குப் பொறியுடலர் என்று 'அர்' சேர்த்தாக வேண்டும், அப்போதுதான் 'வந்தார்'. பொறியாளர் என்றால் இன்ஜினியர் ஆகிவிடும். உடம்பில் எவ்வளவு பங்கு இயந்திரமானாலும் அந்த 'அர்' போகக் கூடாது என்பது என் கட்சி. எலிக்குப் பொறியுடல் எலி போதும்.

ஆயாவிடம் இதையெல்லாம் சொன்னேன். உயர்திணை, அஃறிணை எதுவும் காதில் ஏறவில்லை, அந்தக் கண் கம்பெனிக் கதையை மட்டும் இரண்டு தடவை கேட்டார். அப்புறம் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த பேஸ்மேக்கர் கார்டை எடுத்து நீட்டி, கம்பெனிப் பேரைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்.