பாசி: நீச்சல் குளத்தைப் பச்சையாக்கும் ‘ஆல்கா’வுக்கு உரிய சொல்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஆல்கா என்றும் இலங்கைப் பாடநூல்களில் அல்கா என்றும் எழுதப்படும் சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் ‘ஆல்கா’ ஒருமை, ‘ஆல்கே’ பன்மை. அலை கரையில் ஒதுக்கிவிட்டுப் போகும் கடற்களையையே உரோமானியர் அப்பெயரால் அழைத்தனர். மதிப்பற்ற பொருளுக்கு அதை உவமையாகக் கூறுவதும் அவர்களிடம் வழக்கு. 1753இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் தம் தாவர வகைப்பாட்டில் ஒரு பிரிவுக்கு இப்பெயரை இட்டபோது, பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழ்வதாய் இன்று முற்றிலும் வேறாகக் கருதப்படும் லைக்கன்களையும் அதற்குள் சேர்த்திருந்தார். இப்போதும் அது ஒரே மரபில் வந்த உயிரினங்களின் பெயரன்று. ஒளிச்சேர்க்கை செய்வன, ஆனால் உண்மையான வேரும் தண்டும் இலையும் அற்றன என்னும் அளவில் ஒன்றுசேர்க்கப்பட்ட பலவற்றின் பொதுப்பெயரே அது. அவற்றுள் நீலப்பச்சைப் பாசி பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது.

தமிழில் இதற்குரிய சொல் பாசி. பசுமை என்னும் பண்புப்பெயர் இலையோடு சேரும்போது முதலெழுத்து நீண்டு ‘பாசிலை’ ஆவதைப் போல, பாசியும் அதே அடியிலிருந்து நிறத்தால் பெயர் பெற்றது. குறுந்தொகையின் 399ஆம் பாட்டில் பரணர், ஊரார் நீருண்ணும் கேணியின் துறையில் திரண்ட பாசியை, காதலரைப் பிரிந்த பெண்ணின் மேனியில் படரும் பசலைக்கு உவமையாக்கி, அப்பசலை ‘தொடுவுழித் தொடுவுழி நீங்கி விடுவுழி விடுவுழிப்’ பரக்கும், அதாவது காதலர் தொடும்போதெல்லாம் விலகி விடும்போதெல்லாம் பரவும் என்கிறார்.

பாசி என்பது கிணற்றுச் சுவரின் வழுக்கலையும், குளத்து நீர்க்களையையும், ஓட்டின்மேல் படரும் மாஸ் செடியையும் ஒருசேரக் குறிப்பதால் அறிவியலுக்குத் துல்லியம் போதாது என்பர். ஆல்காவின் வரலாற்றை மேலே கண்டவர்க்கு இத்தடை வலுவற்றதாகவே தோன்றும். மேலும் கடற்பாசி, பாசியியல், பாசிக்கொல்லி எனத் தொகைச்சொற்களைத் தங்குதடையின்றி ஆக்கிக்கொள்ள இடம் தருவது பாசியே.

அதனோடு சேரும் வினைகளும் பயனுள்ளவை. நீச்சல் குளத்தில் பச்சைப்பாசி பெரும்பாலும் நீர் முழுவதும் பரவி அதைக் கலங்கலாக்குகிறது. மஞ்சள்பாசி நிழல் விழும் சுவர்களில் தூசியைப் போலப் படிகிறது. தூரிகையால் தேய்த்தால் எளிதில் விலகி, விட்டால் மீண்டும் வருவதால் பரணரின் அடி இதற்கு அப்படியே பொருந்தும். கரும்பாசியோ சுவர்ப் பூச்சின் நுண்துளைகளுக்குள் இறங்கி, தன்னைச் சுற்றி வழவழப்பான உறையிட்டுக்கொண்டு பிடித்துவிடுகிறது.

பாசி குளத்துக்குள் வருவதை யாராலும் தடுக்க இயலாது. காற்று, மழை, உதிர்ந்த இலை, நிரப்பும் நீர், ஏரியிலோ கடலிலோ நனைந்து காயாத நீச்சலுடை என எதன் வழியாகவும் அதன் நுண்விதைகளும் உயிரணுக்களும் வந்து சேர்கின்றன. வெயில், வெதுவெதுப்பு, பாஸ்பேட், நைட்ரேட் ஆகியவை கிடைக்கும் நீரில் அவை பெருகாதிருப்பது குளோரினால்தான். கட்டுறாத குளோரின், அதாவது வேறு பொருள்களோடு சேராமல் நீரில் எஞ்சியிருக்கும் குளோரின், லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ, நீரோட்டம் எட்டாத படிக்கட்டு மூலைகளிலும் ஏணிக்குப் பின்னும் அது போய்ச் சேராவிட்டாலோ பாசி தலைதூக்கும். நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவும் முக்கியமானது: 7.5இல் குளோரினின் ஏறத்தாழப் பாதி, கிருமி கொல்லும் வலிமை மிக்க ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்க, 8இல் அது கால் பங்களவுக்குச் சுருங்கிவிடுகிறது. பாசி பெருகும்போது நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி பி.எச். அளவைத் தானே உயர்த்தவும் செய்யும்.

2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் உயரத்திலிருந்து நீரில் பாயும் ‘டைவிங்’ போட்டிக்கான குளம் போட்டிகளுக்கு நடுவே பச்சையானபோது, பாசியே காரணம் என்று முதலில் கூறப்பட்டது. ஆகஸ்ட் 5ஆம் நாள் தவறுதலாக 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றப்பட்டதையும், அது குளோரினைச் செயலற்றதாக்கியதால் பாசி உள்ளிட்ட கரிமப் பொருள்கள் பெருக இடம் கிடைத்திருக்கலாம் என்பதையும் அமைப்பாளர்கள் பின்னர் தெரிவித்தனர்.

கடைகளில் விற்கும் பாசிக்கொல்லிகள் பலவற்றில் செம்புச் சேர்மங்களே அடங்கியுள்ளன. நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் எனப்படும் காப்பர் சல்பேட்டைக் குடிநீர்த் தேக்கங்களின் பாசிக்கு எதிராகப் பயன்படுத்தும் முறையை அமெரிக்க வேளாண்மைத் துறையின் மூர், கெல்லர்மன் ஆகியோர் 1904இல் வெளியிட்டனர். ஆயினும் செம்பு மிகுந்தால் குளத்தின் பூச்சில் கறை படியும், வெளிர்நிறத் தலைமுடி பச்சையாகும். மக்கள் அந்தப் பச்சைக்குப் பெரும்பாலும் குளோரினையே பழிக்கின்றனர்.