ரிப்போர்ட் எல்லாம் நோர்மல், வயிறு மட்டும் நோகுது

வன்னியில் நாட்பட்ட வயிற்று நோவோடு கிளினிக்குக்கு வருபவர்கள் பலரின் கையில் ஒரு சொப்பிங் பை இருக்கும். ஸ்கான், இரத்தப் பரிசோதனை, சிலவேளை எண்டோஸ்கோப்பியும். எல்லாவற்றிலும் "நோர்மல்". "அப்ப நான் பொய்யே சொல்லுறன், டொக்டர்?" என்று ஓர் அம்மா கோபமாகவே கேட்டார்.

பொய்யில்லை. ஸ்கானும் கமராவும் குடலின் உருவத்தைக் காட்டும். அது அசையும் வேகத்தையோ, அதன் நரம்புகள் சாதாரண வாயுவைக்கூட நோவாக உணர்வதையோ காட்டா. செயற்பாட்டுச் சமிபாட்டுக் கோளாறுகளின் இடம் அதுதான். ஐ.பி.எஸ். (Irritable Bowel Syndrome, எரிச்சலுறு குடல் நோய்க்குறி) அவற்றில் ஒன்று.

இதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் கேள்விகளால். இத்தகைய கோளாறுகளுக்காகச் சர்வதேச நிபுணர்கள் வகுத்து 2016இல் வந்த ரோம் 4 வரையறைப்படி, நோவு தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். கடைசி 3 மாதத்தில் சராசரியாகக் கிழமைக்கு ஒரு நாளாவது வயிறு நோக வேண்டும். அதோடு மலம் கழிக்கையில் நோவு கூடுதல் அல்லது குறைதல், போகும் தடவை மாறுதல், மலத்தின் பதம் மாறுதல் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

ஆனால் "வெளிக்குப் போறது எப்பிடி?" என்று கேட்டதும் பலர் நிலத்தைப் பார்ப்பார்கள். மருமகள் பக்கத்தில் நின்றால் சொல்லவே மாட்டார்கள். கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மலத்தின் பதத்தைப் படமாகக் காட்டும் பிரிஸ்டல் அட்டையை நீட்டுவேன். ஆட்டுப் புழுக்கை மாதிரி இருப்பதிலிருந்து வெறும் தண்ணீராகப் போவது வரை அதில் 7 படங்கள். விரலால் தொட்டுக் காட்டினால் போதும்.

காலபோக வேலைக்காலத்தில் இடுப்பு நோவுக்குப் பாமசியில் வாங்கிப் போட்ட டைக்ளோபெனாக்கையும் கேட்பேன். அது இரைப்பையைப் புண்ணாக்கும். அந்த எரிவு வேறு கதை. முன்பு கடும் வயிற்றோட்டம் வந்ததா என்பதும் முக்கியம், சிலருக்கு ஐ.பி.எஸ். அதன் பிறகே தொடங்கும். போர்க்காலத்தில் பட்டவற்றை முதல் நாளே தோண்டமாட்டேன். மன அதிர்ச்சிக்கும் குடலுக்கும் தொடர்பு உண்டுதான். அவசரப்பட்டுக் கேட்டால், "உனக்கு மனவருத்தம்" என்று சொன்னதாகவே காதில் விழும்.

மெலிவு, மலத்தில் இரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், இரத்தச்சோகை, விழுங்கக் கஷ்டம், நித்திரையை முறிக்கும் நோவு, ஐம்பதை நெருங்கும் வயதில் புதிதாகத் தொடங்கியது, குடும்பத்தில் குடல் புற்றுநோய்: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஐ.பி.எஸ். என்று முடிவுகட்டாமல் மேலும் தேடவேண்டும். இரும்புச்சத்துக் குளிசையாலும் மலம் கறுக்கும். அதைப் போடுபவர்கள் முதலே சொல்லிவிடுங்கள்.

சிலருக்குக் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் எழுதுவேன். "அது விசர் மருந்தெல்லோ" என்று அயலார் சொன்னதும் நிறுத்திவிட்டு வருவார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் குளிசைதான். இங்கே குடல் நரம்பின் நோவுணர்வைத் தணிக்கக் கொடுக்கிறோம். பலன் தெரியச் சில கிழமைகள் செல்லும். நித்திரை தூங்கும் என்பதால் இரவில் போடவேண்டும். வாய் காயும், மலச்சிக்கலும் கூடலாம். அதனால் வயிற்றோட்டம் கூடியவர்களுக்கே பெரும்பாலும் எழுதுகிறேன்.