ஃபைட்டர் மீன் குஞ்சுகளின் முதல் மாதம்

ஃபைட்டர் மீனை முட்டையிட வைப்பது பெரிய வேலையில்லை. நன்றாகத் தீனி தின்ற ஒரு ஜோடி போதும். நூற்றுக்கணக்கில் பொரித்த குஞ்சுகளை ஒரு மாதம் உயிரோடு வைத்திருப்பதுதான் கடினம். பெரும்பாலான சாவுக்குக் காரணம் நோயல்ல. முதல் வாரத்தில் பசி, அதன்பின் தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்று.

இந்த மீனின் சொந்த ஊர் தாய்லாந்தின் வயல்களும் சதுப்புகளும். அங்கே தண்ணீர் சூடாக, ஓட்டமின்றி, ஆக்சிஜன் குறைவாக இருக்கும். அதனால் செவுளுக்கு மேலே லாபிரிந்த் என்ற கூடுதல் சுவாச உறுப்பு இதற்கு உண்டு. மடிப்பு மடிப்பான மெல்லிய எலும்பின்மேல் இரத்த நாளங்கள் நிறைந்த தோல் போர்த்தியிருக்கும். மீன் மேலே வந்து விழுங்கும் காற்றிலிருந்து ஆக்சிஜன் நேராக இரத்தத்தில் சேரும். ஆண் மீன் நுரைக்கூடு கட்டுவதும் இதே சிக்கலுக்காகத்தான். முட்டை மூழ்கும் இயல்புடையது. ஆக்சிஜன் குறைந்த அடிமட்டத்தில் அது கிடக்காமல், எச்சில் பூசிய குமிழ்களுக்கிடையே நீர்மட்டத்தில் தங்கிவிடுகிறது.

15 முதல் 20 லிட்டர் தொட்டியில் 10 செ.மீ. உயரத்துக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். ஆழம் கூடினால், விழும் முட்டைகளைப் பொறுக்கிப் பொறுக்கி ஆண் களைத்துப்போகும். கூழாங்கல் வேண்டாம், முட்டை இடுக்கில் போய்விடும். வெப்பம் 27–28 டிகிரி. ஹீட்டரைப் படுக்கைவாட்டில், முழுதும் மூழ்கும்படி வையுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் கட்டாயம். தெருவோரத்துப் பாதாம் மரத்தின் காய்ந்த இலை ஒன்றைப் போட்டால், அதிலிருந்து இறங்கும் டானின் பூஞ்சையை ஓரளவு அடக்கும். நீளவாக்கில் பாதியாக வெட்டிய தெர்மாகோல் கப் ஒன்று மேலே மிதக்கட்டும். ஆண் அதனடியில் கூடு கட்டும்.

ஜோடியைத் தனித்தனியே வைத்துப் பத்து நாட்கள் கொசுப்புழுவும் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலும் கொடுங்கள். பெண்ணின் வயிறு உப்பி, அடியில் வெள்ளைப் புள்ளி துருத்தி, உடலில் குறுக்குக் கோடுகள் தெரிந்தால் தயார். அதை ஒரு கண்ணாடிக் குடுவையில் அடைத்து ஆணின் தொட்டிக்குள் ஒரு நாள் வைத்துவிட்டு, கூடு உருவானபின் திறந்துவிட வேண்டும். ஆண் வளைந்து பெண்ணை அணைக்கும்போது முட்டைகள் சில சில உதிரும். அவற்றை வாயால் எடுத்துக் கூட்டில் வைக்கும். சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, ஆண் பெண்ணை விரட்டத் தொடங்கும். பெண்ணை உடனே எடுத்துவிடுங்கள். தாமதித்தால் துடுப்பு கிழியும், உயிரும் போகலாம்.

24 முதல் 48 மணி நேரத்தில் குஞ்சு பொரியும். வால் கீழே தொங்க, கூட்டில் ஒட்டிக்கொண்டு வயிற்றில் ஒட்டிய மஞ்சள்கருவை உண்டே இரண்டு மூன்று நாள் கழிக்கும். கிடைமட்டமாக நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுத்துவிட வேண்டும்.

அந்த நாளிலிருந்துதான் பசி ஆரம்பம். தூள் தீனியைக் குஞ்சு சீண்டாது, அசைவதைத்தான் கொத்தும். அதற்கு இன்ஃபுசோரியா என்னும் நுண்ணுயிர்த் தண்ணீர் கையில் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் பழைய தொட்டித் தண்ணீரில் ஒரு துண்டு முட்டைக்கோஸ் இலையைப் போட்டு வையுங்கள். முதலில் பாக்டீரியா பெருகிக் கலங்கும். பிறகு அவற்றைத் தின்னும் ஒருசெல் உயிரிகள் பெருகித் தெளியும். தெளிந்தபின்தான் தீனி. இதற்குச் சில நாட்கள் பிடிக்கும் என்பதால், ஜோடிக்குத் தீனி கொடுக்கும் காலத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். முட்டையைப் பார்த்தபின் ஓடினால் தாமதம்.

நான்கைந்து நாளில் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவுக்கு மாறலாம். அதன் முட்டைகளைப் பொரிக்க, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல் உப்பு, 28 டிகிரி, விடாமல் காற்று, வெளிச்சம். 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் முட்டை ஓடுகள் மிதக்கும், ஆர்ட்டீமியாக் குஞ்சுகள் விளக்கு இருக்கும் பக்கம் கூடும். அங்கிருந்து உறிஞ்சி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். நன்னீரில் அவை சில மணி நேரமே பிழைக்கும். கொஞ்சமாக, நாளைக்கு மூன்று நான்கு முறை போடுவதே சரி. மிஞ்சியவை அழுகி அம்மோனியா ஆகும்.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் லாபிரிந்த் உருவாகிறது. குஞ்சு முதன்முதலாகக் காற்றை விழுங்கும் நேரம் அது. மேலே உள்ள காற்று குளிர்ந்தோ வறண்டோ இருந்தால் அந்த உறுப்பு சரியாக அமையாது. நன்றாக நீந்திக்கொண்டிருந்த குஞ்சுகள் வரிசையாகச் சாகத் தொடங்குவது இதனால்தான். ஆகவே முதல் நாளிலிருந்தே தொட்டியைக் கண்ணாடியாலோ பிளாஸ்டிக் தாளாலோ, ஓரத்தில் சிறு இடைவெளி விட்டு மூடிவையுங்கள். மார்கழி இரவில் திறந்து பார்ப்பதைத் தவிருங்கள். நீர்மட்டத்தில் எண்ணெய் போலப் படலம் படிந்தால் குஞ்சால் அதைத் துளைத்துக் காற்றை எடுக்க முடியாது. செய்தித்தாள் துண்டை மெல்லப் பரப்பி எடுத்தால் படலம் ஒட்டி வந்துவிடும்.

பத்தாம் நாளுக்குப் பின், ஏர் பம்ப் குழாயால் அடிக்கசடை உறிஞ்சி, அதே வெப்பத்தில் உள்ள தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைப்பதானால் குமிழ் மெதுவாக வரட்டும்.

எட்டுப் பத்து வாரத்தில் ஆண்கள் செவுளை விரித்து ஒன்றையொன்று துரத்தும். முதல் துடுப்பு கிழிவதைக் கண்டதும் ஒவ்வொன்றையும் தனிக் குடுவைக்கு மாற்றுங்கள். அதனால் குடுவைகளை அதற்கு முன்பே சேர்த்து வைத்திருக்க வேண்டும். பெண்கள் பெரும்பாலும் ஒன்றாகவே வளரும்.