முரண்பாடு வேறு, முரண்புதிர் வேறு

பட்டிமன்ற மேடையிலிருந்து கல்லூரிப் பாடக்குறிப்பு வரை, ‘பாரடாக்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘முரண்பாடு’ என்று போட்டுவிடுகிறார்கள். கிரேக்கத்தில் ‘பாரா’ என்றால் புறம்பாக, ‘டாக்சா’ என்றால் கருத்து. ஊர் நம்புவதற்குப் புறம்பானது, சொற்பிறப்பு அவ்வளவுதான்.

மழை பெய்கிறது, பெய்யவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னால் அது முரண்பாடு. பாரடாக்ஸ் ஒரு வாதம். மறுக்க முடியாத கூற்றுகளில் தொடங்கி, பிசகு தெரியாத படிகளில் நடத்தி, ஏற்கவே முடியாத இடத்தில் கொண்டுபோய் விடும். களத்துமேட்டில் நெல் அம்பாரம் கிடக்கிறது. ஒரு மணியை எடுத்தாலும் அம்பாரம்தான். இன்னொன்றை எடுத்தாலும் அப்படியே. எடுத்துக்கொண்டே போனால் மிஞ்சும் ஒற்றை நெல்லும் அம்பாரம்! கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கத் தத்துவர் யூபுலிடீஸ் பெயரில் வழங்கும் இந்த வாதத்தில் எந்தப் படி தவறு என்பதில் இன்றும் ஒருமித்த விடை இல்லை.

அமெரிக்கத் தர்க்கவியலாளர் ஃபிட்ச் 1963இல் வெளியிட்ட வாதத்தைப் பாருங்கள். ‘இந்த அம்பாரத்தில் மணிகள் இரட்டைப்படை, அது எவருக்கும் தெரியாது’ என்பது உண்மையென்று கொள்வோம். இந்த முழுக் கூற்றையும் ஒருவர் அறிந்துவிட்டால் பின்பாதி பொய்யாகிவிடும். ஆகவே அறியவே முடியாத உண்மை ஒன்று இருக்கிறது. மனித அறிவின் எல்லையைத் தொடும் இந்த வாதத்தை ‘ஃபிட்ச் முரண்பாடு’ என்றால், மனிதர் முன்னுக்குப்பின் உளறினார் என்றல்லவா வாசகர் நினைப்பார்? தர்க்க நூல்களில் இன்னும் மோசம்: பாரடாக்ஸ் முரண்பாட்டில் முடியும் என்ற வரி, ‘முரண்பாடு முரண்பாட்டில் முடிகிறது’ என்று அச்சேறும். எழுதியவர் திரும்பப் படித்திருந்தாலே உறைத்திருக்கும்.

‘விரோதாபாசம்’ என்பாரும் உண்டு. வடமொழியில் ஆபாசம் என்றால் போலித்தோற்றம். தமிழ்க் காதில் என்ன விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. பொருளும் பொருந்தாது. தன்னை உறுப்பாகக் கொள்ளாத கணங்களின் (‘செட்’களின்) கணம் தன்னை உறுப்பாகக் கொண்டால் கொள்ளாது, கொள்ளாவிட்டால் கொள்ளும் என்று 1901இல் ஆங்கிலேயத் தத்துவர் ரசல் கண்ட முரண் வெறும் தோற்றமன்று. கணக் கோட்பாட்டையே மாற்றிக் கட்டவேண்டி வந்தது.

‘முரண்புதிர்’தான் சரி. முரணும் இருக்கிறது, அவிழ்க்கச் சொல்லும் முடிச்சும் இருக்கிறது. ‘முரண்நகை’யை ‘ஐரனி’க்கு விட்டுவிடுங்கள். ‘முரணுரை’ ஒற்றைக் கூற்றுக்குத்தான் ஆகும். முன்னே போகும் ஆமையை வேகமாக ஓடும் வீரன் அக்கிலீஸ் எட்டவே மாட்டான் என்று கிரேக்கத் தத்துவர் சீனோ படிப்படியாக நிறுவியதை உரை என்பதெப்படி?