வெயிலுக்கு உடம்பு பழகுவது எப்படி?

பல ஆண்டுகள் டொரொண்டோவிலோ ஓஸ்லோவிலோ வாழ்ந்துவிட்டு, சித்திரை மாதத்தில் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ குடிவருபவர்களை முதல் வாரம் படுத்திவிடும். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். வரிசையில் நின்றால் கண் இருட்டும். மாலையில் பாதம் வீங்கிச் செருப்பு இறுகும். ‘குளிர்நாட்டிலே இருந்து ரத்தம் கெட்டியாகிவிட்டது’ என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வெயிலுக்குப் பழகத் தொடங்கும் உடம்பு முதலில் செய்வது ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பெருக்குவதுதான்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. வேகமாக நடந்தால் அது 300 வாட் ஆகும். குளிர்நாட்டில் இந்த வெப்பம் தோலிலிருந்து தானாகவே காற்றுக்குப் போய்விடும். வெயில் காலத்தில் தோலின் வெப்பநிலை 35 டிகிரியை ஒட்டி நிற்கும். காற்றும் அதே சூட்டுக்கு வந்துவிட்டால் மிஞ்சும் வழி வியர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. கணக்குப் போட்டால், உட்கார்ந்திருக்க மணிக்கு 150 மில்லி, நடக்க 450 மில்லி வியர்வை ஆவியாக வேண்டும். வெயில் நேராக மேலே விழுந்தால் இன்னும் கூடுதல்.

ஆவியாக வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் உடம்பு குளிராது. மதுரையின் வறண்ட வெயிலில் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். எவ்வளவு நீர் போனது என்றே தெரியாது, சட்டையில் வெள்ளையாக உப்புக்கோடு மட்டும் நிற்கும். சென்னையில் வெப்பநிலை சில டிகிரி குறைவாக இருந்தாலும் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காய இடமில்லாமல் வழியும். அங்கே விசிறிக்காற்றுதான் பெரிய உதவி, தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை அது தள்ளிவிடுகிறது. காற்றே 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் விசிறி உடம்பைச் சூடாக்கத்தான் செய்யும்.

முதல் சில நாட்களில் வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கு நிறைய ரத்தம் போக வேண்டும். தசைக்கும் மூளைக்கும் அதே ரத்தம்தான். அளவு போதாததால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டுகிறது. அசையாமல் நின்றால் விரிந்த ரத்தக்குழாய்கள் வழியாகக் காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும். இதைச் சமாளிக்க ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரந்து, சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் விடாமல் பிடித்துவைக்கச் செய்கிறது. மூன்று முதல் ஆறு நாட்களுக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடும், படபடப்பு குறையும்.

பாதம் வீங்குவதும் இதே காரணத்தால்தான். காலைத் தூக்கிவைத்துப் படுத்தால், ஓரிரு வாரத்தில் தானே வடியும். இதற்கென்று நீர் பிரியும் மாத்திரை வாங்கி விழுங்குவது பெரிய தவறு. உடம்பு பாடுபட்டுச் சேர்க்கும் நீரை அது வெளியேற்றிவிடும். ஆனால் நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்து வியர்வைச் சுரப்பிகள். முதல் வாரத்தின் கடைசியிலிருந்து அவை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதிகமாகவும் சுரக்கும், உப்பைக் குறைவாக விடும். புதிதாக வந்தவரின் ஒரு லிட்டர் வியர்வையில் 3 கிராம் வரை சாப்பாட்டு உப்பு போகலாம். பழகியபின் அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். ஆகவே உப்பு அதிகம் தேவைப்படுவது முதல் வாரத்தில்தான். கால் டீஸ்பூன் உப்பு, அதாவது ஒன்றரை கிராம் அளவு போட்ட ஒரு பெரிய டம்ளர் நீர்மோர் இதற்குச் சரியானது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதை மட்டும் குடித்து உப்பை ஈடுகட்ட முடியாது. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழகிவிட்டால் தண்ணீர் குறைவாகப் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. பழகிய உடம்பு அதிகமாக வியர்க்கிறது, அதற்கு அதிகத் தண்ணீர் வேண்டும். நடைக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. சிறுநீர் அடர்மஞ்சளானால், அதற்கு மேல் நீர்க்கடுப்பும் வந்தால், குடித்தது போதவில்லை. அதற்காக மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீராகக் குடிக்கவும் கூடாது. ரத்தத்தில் சோடியம் சரிந்து தலைவலி, வாந்தி, வலிப்பு வரை போகும்.

இந்த மாற்றங்களைத் தூண்டுவது நாட்காட்டி அல்ல. தினமும் உடம்பின் உட்சூடு கொஞ்சம் ஏறி, வியர்க்க வேண்டும். நாள் முழுக்க 18 டிகிரி ஏசியில் இருப்பவருக்கு ஒரு மாதமானாலும் முதல் நாள்தான். இரவில் ஏசி போட்டுத் தூங்குவதால் கேடில்லை, நல்ல தூக்கம் உதவவே செய்யும். தினமும் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் வியர்க்க நடப்பதை இலக்காக வைத்து, மாலை ஐந்து மணிக்கு மேல் 15 நிமிடத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போகலாம். வெயிலில் வேலை செய்யப்போகும் புதியவருக்கு அமெரிக்காவின் தொழிலாளர் நல ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு, முதல் நாள் வழக்கமான நேரத்தில் 20 சதவீதம், பிறகு நாளுக்கு 20 சதவீதத்துக்கு மிகாமல் கூட்டுவது. வெளிவேலையில் வெப்பத்தால் நேரும் மரணங்களில் 50 முதல் 70 சதவீதம் முதல் சில நாட்களிலேயே நேர்கின்றன என்கிறது அந்நாட்டுத் தொழில் பாதுகாப்புத் துறை. அவசரத்தின் விலை அவ்வளவு.

பத்து முதல் பதினான்கு நாட்களில் பெரும்பாலும் பழகிவிடும். குளிருக்குத் திரும்பினால் மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் போயும்விடும். அதனால் இரண்டு வார விடுமுறையில் கல்யாணமும் கோயில் சுற்றும் வைத்துக்கொள்பவர்கள், தங்களைப் பழகாதவர்களாகவே கருதி உச்சிவெயிலைத் தவிர்க்க வேண்டும்.

மாறாத ஒன்றும் உண்டு. நம் உடம்பில் இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் எத்தனை வேலை செய்யும் என்பது பிறந்து முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் தீர்மானமாகிவிடுகிறது என்று ஜப்பானிய உடலியலாளர் யாஸ் குனோ கண்டறிந்தார். வெப்பநாட்டில் பிறந்த ஜப்பானியருக்கு வேலை செய்யும் சுரப்பிகள் அதிகமாக இருந்தன. வளர்ந்தபின் குடியேறியவர்களுக்குக் கூடவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து ஓஸ்லோவில் முப்பது ஆண்டு இருந்த தாய்க்கு உள்ள இந்த வசதி, ஓஸ்லோவிலேயே பிறந்த பிள்ளைக்கு இல்லாமல் இருக்கலாம். பிள்ளையின் களைப்பைச் செல்லம் என்று ஒதுக்காதீர்கள்.

வியர்க்குரு வருவது, ஊறிய தோல் வியர்வைக் குழாயின் வாயை அடைப்பதால். கெட்டியான கிரீமும் ஈரத்தோலில் அப்பிய பவுடரும் அடைப்பைக் கூட்டும். தளர்ந்த பருத்தித் துணியும், தினமும் சில மணி நேரம் உலர்ந்த குளிர்ந்த அறையும்தான் மருந்து. சளி, அரிப்புக்கு எடுக்கும் சில பழைய வகை மாத்திரைகள் வியர்வையையே குறைக்கும். முதல் வாரத்தில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

பேச்சு குழறி, நடை தள்ளாடி, ஆள் குழம்பினால் அது வெப்பத்தாக்கு. வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் அப்படித்தான். ஆம்புலன்ஸுக்குத் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணை அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திருக்காமல் நிழலுக்குத் தூக்கிப்போய், துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். தொட்டி இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்துக் கழுத்துவரை அமிழ்த்துங்கள். பாராசிட்டமால் இதற்குப் பயன்படாது. நினைவு தப்பியவர் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.